தேதி கடந்த ஈஸ்ட்டில் ரொட்டி எழும்புமா?

மாதத்திற்கு ஒருமுறையோ இருமுறையோ மட்டும் ரொட்டி சுடும் வீடுகளில், ஒரு பொட்டலம் ஈஸ்ட் தீர்வதற்குள் அதன்மேல் அச்சிட்ட தேதி கடந்துவிடுவது இயல்பே. அதை எறிந்துவிடுவதா, நம்பி மாவில் சேர்ப்பதா என்ற ஐயத்தைப் பல கோணங்களிலிருந்து எழுப்பிய வாசகர் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

கேள்வி: உலர் ஈஸ்ட் பொட்டலத்தில் குறித்த தேதி கடந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. அதைக் கொண்டு சுட்ட ரொட்டியை உண்பதால் உடலுக்குத் தீங்கு நேருமா?

பதில்: ஈஸ்ட் என்பது ஒற்றைச் செல்லாலான ஒரு பூஞ்சை, இலங்கைப் பாடநூல்கள் இதனை மதுவம் என்று குறிக்கின்றன, ரொட்டிக்குப் பயன்படும் இனத்தின் அறிவியற்பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. மாவிலுள்ள சர்க்கரையை உட்கொண்டு கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் அது வெளியிடுவதே நொதித்தல் எனப்படுகிறது. ஒரு கிராம் குளுக்கோஸ் முழுமையாக நொதித்தால் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 270 மில்லிலிட்டர் கரியமில வாயு உண்டாகும் என்பதால், ஒரு ரொட்டியை எழுப்புவதற்குச் சர்க்கரை பற்றாமற்போவது அரிது. பற்றாமற்போவது பெரும்பாலும் அச்சர்க்கரையை உண்பதற்கான உயிருள்ள செல்களே. டச்சு நாட்டவரான ஆன்டனி வான் லீவன்ஹூக் 1680இல் ஈஸ்ட் துகள்களை நுண்ணோக்கியில் கண்டார் என்றாலும், நொதித்தல் என்பது அத்துகள்களின் உயிர்ச்செயலே என்பதை 1850களின் இறுதியில் லூயி பாஸ்டர் மேற்கொண்ட ஆய்வுகளே ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்டின.

ஈஸ்ட் உயிருள்ள பொருள் என்பதால், அதன் பொட்டலத்திலுள்ள தேதியைப் பாலின்மீதோ இறைச்சியின்மீதோ அச்சிட்ட தேதியைப் போலப் பொருள்கொள்ள இயலாது. பாலில் தேதி கடந்தால் வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. உலர் ஈஸ்ட்டில் தேதி கடந்தால், வேண்டிய நுண்ணுயிர்கள் சிறிதுசிறிதாக மடிகின்றன. தயாரிப்பாளர் உறுதியளித்த எழுப்பும் ஆற்றல் அந்நாள் வரையேனும் குறையாதிருக்கும் என்பதே அத்தேதியின் கருத்து. மறுநாளே எல்லாச் செல்களும் ஒருசேர இறந்துவிடும் என்பதன்று. உலர் ஈஸ்ட்டில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு வரை மட்டுமே ஈரம் இருப்பதால், காய்ந்த நிலையில் உள்ளவரை அதில் கேடு விளைக்கும் நுண்ணுயிர்கள் பெருக வழியில்லை. ஆகவே, துகள்கள் உதிரியாகவும், பூஞ்சணமோ வண்டோ தீய நாற்றமோ இன்றியும் இருந்தால், உடல்நலத்தைப் பற்றிய அச்சத்திற்கு இடமில்லை; எஞ்சுவது ரொட்டி எழும்புமா என்ற கேள்வி மட்டுமே. ஈரக் கட்டியாக விற்கப்படும் ஈஸ்ட்டுக்கு இவ்விலக்கணம் பொருந்தாது. அதில் பச்சை, கருமை, இளஞ்சிவப்பு ஆகிய நிறப் புள்ளிகளோ, பிசுபிசுப்போ, அழுகல் வாடையோ தோன்றினால் முழுவதையும் அகற்றிவிடுவதே முறை.

கேள்வி: ஈர ஈஸ்ட், ஆக்டிவ் டிரை ஈஸ்ட், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என மூன்று வகைகள் கிடைக்கின்றன. இவற்றுள் நெடுநாள் தாங்குவது எது? அதன் காரணம் என்ன?

பதில்: மூன்றும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை; வேறுபாடு, செல்களுக்குள் எவ்வளவு நீர் விடப்பட்டுள்ளது என்பதிலும், அந்நீர் எவ்வாறு வெளியேற்றப்பட்டது என்பதிலும் உள்ளது. பேக்கரிகள் வாங்கும் ஈர ஈஸ்ட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர் உள்ளது. ஒரு கிராமில் ஆயிரம் கோடி அளவில் செல்கள் அடங்கியுள்ள அக்கட்டியில் உயிர்ச்செயல் முற்றிலும் நிற்பதில்லை என்பதால், சேமித்த உணவைச் செல்கள் தாமே தின்று தீர்த்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் வலுவிழந்துவிடுகின்றன. புதிய கட்டி இளம் சந்தன நிறத்தில், விரலால் அழுத்தியதும் பொலபொலவென உதிரும். பழையதாகும்போது ஓரங்கள் பழுப்பேறிக் காய்கின்றன.

உலர் வகைகளில் நீர் வெளியேற்றப்பட்டதும் செல்கள் ஒருவகை உறக்க நிலையை அடைகின்றன. அந்நிலையில் அவற்றின் மெல்லிய வெளிச்சவ்வு நொறுங்காதவாறு காப்பது, செல்களே தமக்குள் சேர்த்துவைத்துக்கொள்ளும் டிரெஹலோஸ் என்னும் ஒருவகைச் சர்க்கரையாகும். அமெரிக்காவின் ஃபிளைஷ்மன் நிறுவனம் இரண்டாம் உலகப்போரின்போது படையினருக்கெனக் குளிர்பதனம் இன்றித் தாங்கும் ஆக்டிவ் டிரை ஈஸ்ட்டை உருவாக்கியது. இதன் துகள்கள் பருமனானவை. உலர்த்தும்போது வெளிப்புறச் செல்களில் ஒரு பகுதி மடிந்து, உள்ளிருக்கும் உயிருள்ள செல்களுக்கு ஓடு போல அமைந்துவிடுவதால், அதனை முதலில் வெதுவெதுப்பான நீரில் கரைத்து அவ்வோட்டை நீக்க வேண்டியுள்ளது. 1970களில் பரவிய இன்ஸ்டன்ட் ஈஸ்ட் நுண்ணிய துகள்களாக மென்மையாக உலர்த்தப்படுவதால், இறந்த செல்கள் அதில் குறைவு. மாவுடன் நேரடியாகக் கலக்கலாம். வெற்றிடப் பொதியில், திறக்கப்படாத நிலையில், இது இரண்டு ஆண்டுகள் வரை தாங்குமெனத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவது வழக்கம். பொதி திறந்ததும் காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் புகுவதால் இக்கணக்கு மாறிவிடுகிறது. எனவே பொட்டலத்தில் அச்சிட்ட தேதியைவிட, அது திறக்கப்பட்ட நாளே பழமையைக் கணக்கிடுவதற்குச் சரியான தொடக்கமாகும்.

ஒரு வகைக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்துகையில், ஈர ஈஸ்ட் 100 கிராமுக்கு ஆக்டிவ் டிரை 40 கிராம், இன்ஸ்டன்ட் 33 கிராம் என்பது பொதுவான விகிதம். ஈர ஈஸ்ட் அளவில் எழுதப்பட்ட குறிப்பைப் பின்பற்றி அதே எடைக்கு இன்ஸ்டன்ட் சேர்த்தால் மாவு மும்மடங்கு விரைவாகப் பொங்கும். மாற்றிச் செய்தால் குறித்த நேரத்தில் எழும்பாது. பின்னதைக் கண்டு ஈஸ்ட் பழையதென்று பழிசுமத்துவதற்கு முன் அளவைச் சரிபார்ப்பது நல்லது.

கேள்வி: பழைய ஈஸ்ட்டில் உயிர் இருக்கிறதா என்பதை மாவைப் பிசைவதற்கு முன்பே அறிய முடியுமா?

பதில்: அரை கப், அதாவது 120 மில்லிலிட்டர், வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்து, இரண்டேகால் தேக்கரண்டி உலர் ஈஸ்ட்டைக் கலந்து வைப்பது நெடுங்காலமாக வழங்கிவரும் சோதனை. மூன்று நான்கு நிமிடங்களில் நுரை மேலெழத் தொடங்கி, பத்து நிமிடங்களில் ஒரு கப் அளவை எட்டி, மேற்பரப்பு குவிந்து நின்றால் ஈஸ்ட் முழு வலுவுடன் உள்ளது. நுரை மெல்லிய படலமாக மட்டும் நின்றால் வலு குறைந்துள்ளது. பதினைந்து நிமிடங்களுக்குப் பின்னும் கலங்கிய நீராகவே கிடந்தால் அது பயன்படாது. சோதித்த கரைசல் வீணாவதில்லை. அதன் நீரின் அளவைக் குறிப்பிலுள்ள நீரிலிருந்து கழித்துக்கொண்டு அப்படியே மாவில் சேர்க்கலாம்.

இச்சோதனையில் பெரும்பாலான பிழைகள் நீரின் வெப்பத்தால் நேர்கின்றன. உலர்ந்த செல்கள் நீரை உறிஞ்சிச் சவ்வைச் சீரமைத்துக்கொள்ள 38 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் உகந்தது. மிகக் குளிர்ந்த நீரில் சவ்வு மூடுவதற்குள் உள்ளடக்கம் கசிந்துவிடுகிறது. 55 டிகிரிக்கு மேல் செல்கள் மடியத் தொடங்குகின்றன. ஒரு பங்கு கொதிநீருடன் இரண்டு பங்கு குழாய் நீரைச் சேர்த்தால் தேவையான வெதுவெதுப்புக் கிட்டும் என்று பிரித்தானியச் சமையற்குறிப்புகளில் காணப்படும் விதி, குழாய் நீர் 10 டிகிரியாக உள்ள குளிர்நாட்டுக்கு உரியது. அங்கே அது 40 டிகிரி நீரைத் தருகிறது. சென்னையிலோ மதுரையிலோ 30 டிகிரியில் உள்ள குழாய் நீருடன் அவ்விதியைப் பின்பற்றினால் கிடைப்பது 53 டிகிரி. ஏற்கெனவே தளர்ந்த செல்களை அது கொன்றுவிடக்கூடும். 30 டிகிரி நீராயின், ஒரு பங்கு கொதிநீருக்கு ஆறு பங்கு குழாய் நீர் என்பதே 40 டிகிரியைத் தரும் கணக்கு. வெப்பமானி இல்லாத வீடுகளில், மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டால் இதமான சூடாக உணரப்படுவதும், சுடாதிருப்பதும் போதுமான அடையாளம்.

கேள்வி: சோதனையில் நுரை வந்தது, ஆனால் பாதி அளவே வந்தது. அத்தகைய ஈஸ்ட்டை எவ்வளவு கூட்டிச் சேர்க்க வேண்டும்?

பதில்: சர்க்கரை நீர்ச் சோதனை உயிர் உண்டா இல்லையா என்பதைக் காட்டுமேயன்றி, எவ்வளவு உண்டு என்பதைத் துல்லியமாகக் காட்டாது. அதற்கு மாவிலேயே செய்யும் சோதனை ஏற்றது. 50 கிராம் மைதாவுடன் 30 மில்லிலிட்டர் நீரும் கால் தேக்கரண்டி ஈஸ்ட்டும் சேர்த்துப் பிசைந்து, நேரான பக்கங்கள் கொண்ட கண்ணாடிக் குவளையின் அடியில் அழுத்திவைத்து, மேல்மட்டத்தில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிட வேண்டும். புதிய ஈஸ்ட் கொண்டும் இவ்வாறே ஒன்று செய்து, இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து, ஒவ்வொன்றும் இருமடங்காக எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்துக்கொண்டால், அவ்விரு நேரங்களின் விகிதமே வலுவிழப்பின் அளவாகும். எடுத்துக்காட்டாக, புதியது 40 நிமிடங்களிலும் பழையது 60 நிமிடங்களிலும் இருமடங்கானால், பழையதை ஒன்றரை மடங்கு சேர்க்க வேண்டும். 500 கிராம் மைதாவுக்கு 5 கிராம் ஈஸ்ட் என்று குறிப்பில் இருந்தால் 7.5 கிராம் இட வேண்டும்.

அளவைக் கூட்டுவதற்கு மாற்றாக நேரத்தை நீட்டலாம் என்பதும், பல வேளைகளில் அதுவே சிறந்தது என்பதும் இங்கே கருதத்தக்கவை. வெப்பநிலை மாறாதிருந்தால், ஈஸ்ட்டின் அளவையும் எழும்பும் நேரத்தையும் பெருக்கி வரும் தொகை, ஓரெல்லைக்குள், ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் என்பது பேக்கரித் தொழிலில் பயன்படும் கணக்கு. ஆகவே மேற்கண்ட எடுத்துக்காட்டில் 5 கிராமையே இட்டு, ஒரு மணி நேரத்திற்குப் பதிலாக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாலும் விளைவு ஒன்றுதான். இக்கொள்கையின் எல்லை வரை சென்றது நியூயார்க்கின் ரொட்டிக் கலைஞர் ஜிம் லேஹியின் முறை. 2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்ட அக்குறிப்பு, மூன்று கப் மாவுக்குக் கால் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட் மட்டும் சேர்த்து, பிசையாமல், 21 டிகிரி அளவிலான அறையில் 12 முதல் 18 மணி நேரம் வரை விட்டுவைக்கச் சொல்கிறது. நீண்ட நேரத்தில் செல்கள் அரும்புவிட்டுப் பெருகுவதால், தொடக்கத்தில் அவை எத்தனை இருந்தன என்பது முக்கியத்துவம் இழக்கிறது. பழைய ஈஸ்ட்டுக்கு இதைவிட இணக்கமான முறை இல்லை.

இதனை வழக்கமான ரொட்டிக்கும் பொருத்தலாம். மொத்தம் 500 கிராம் மாவில் 150 கிராமை எடுத்து, சம எடை நீரும் கால் தேக்கரண்டிப் பழைய ஈஸ்ட்டும் கலந்து மூடிவைத்தால், மாவிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை மால்டோஸ் சர்க்கரையாக உடைக்க, எஞ்சிய செல்கள் அதை உண்டு பெருகுகின்றன. பேக்கரி வழக்கில் பூலிஷ் எனப்படும் இம்முன்மாவின் மேற்பரப்பு முழுவதும் குமிழ்கள் நிறைந்து, நடுப்பகுதி சற்றே தாழத் தொடங்கும்போது எஞ்சிய மாவையும் உப்பையும் நீரையும் சேர்த்துப் பிசைய வேண்டும். குளிர்ந்த அறையில் ஓரிரவு பிடிக்கும் இது, தமிழகச் சமவெளியின் கோடையில் ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடலாம்.

கேள்வி: பழைய ஈஸ்ட்டை மூன்று மடங்காகச் சேர்த்தும் ரொட்டி எழும்பவில்லை, மாவும் கையில் ஒட்டி, தட்டில் பரந்துவிட்டது. பிழை எங்கே நேர்ந்தது?

பதில்: அளவைக் கூட்டும்போது உயிருள்ள செல்களோடு இறந்தவையும் கூடுகின்றன என்பதை இக்கேள்வி நன்கு உணர்த்துகிறது. கோதுமை மாவை நீர் சேர்த்துப் பிசையும்போது அதன் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னி, குளூட்டன் எனப்படும் இழுவைத்தன்மை கொண்ட வலையாகின்றன. கரியமில வாயுவைச் சிறைப்படுத்தி ரொட்டிக்கு உயரம் தருவது அவ்வலையே. அதன் உறுதிக்குக் காரணம், புரத இழைகளுக்கு இடையே கந்தக அணுக்கள் இரண்டிரண்டாக அமைக்கும் பிணைப்புகளாகும். இறந்த ஈஸ்ட் செல்களிலிருந்து கசியும் குளூட்டத்தயோன் என்னும் சிறு மூலக்கூறு இப்பிணைப்புகளை அவிழ்த்துவிடுகிறது. எனவே, வாயு போதாமையோடு, உண்டான வாயுவைப் பிடித்துவைக்கும் வலையும் தளர்ந்து, மாவு ஒட்டும் பதமாகிப் பரந்துவிடுகிறது. ரொட்டிக்கென விற்கப்படும் உயர்புரத மாவைவிடப் புரதம் குறைந்த மைதாவிலும், தவிட்டுத் துணுக்குகள் வலையை அறுக்கும் முழுக்கோதுமை மாவிலும் இக்குறை விரைவாகப் புலப்படும்.

இதனால், ஈஸ்ட்டை இரண்டு மடங்குக்கு மேல் கூட்ட வேண்டிய நிலை வந்தால் அதனைக் கைவிடுவதே அறிவுடைமை. அவ்வளவு கூட்டினால் ரொட்டியில் பச்சை ஈஸ்ட்டின் வாடையும் மிகும். அளவாகச் சேர்த்தபோதும் மாவு தளர்வாகத் தோன்றினால், நீரைச் சற்றுக் குறைத்தும், அரை மணிக்கு ஒருமுறை மாவின் நான்கு ஓரங்களையும் இழுத்து நடுவில் மடித்தும், தட்டில் தனியாக வைக்காமல் சுவர் உயர்ந்த ரொட்டி அச்சில் வைத்தும் அத்தளர்வை ஈடுசெய்யலாம்.

கேள்வி: அதே பழைய ஈஸ்ட் சாதாரண ரொட்டிக்கு ஓரளவு பயன்பட்டது, இனிப்பு பன்னுக்கு அறவே பயன்படவில்லை. இதன் காரணம் என்ன?

பதில்: சர்க்கரை ஈஸ்ட்டின் உணவு என்பதால் அது மிகுந்தால் நன்றாக எழும்பும் என்று கருதுவது இயல்பெனினும், உண்மை அதற்கு மாறானது. மாவின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கைக் கடந்து சர்க்கரை சேரும்போது, அது மாவிலுள்ள நீரைத் தன்பால் இழுத்துக்கொண்டு, செல்களுக்குள்ளிருக்கும் நீரையும் சவ்வின் வழியே வெளியே ஈர்க்கத் தொடங்குகிறது. ஊறுகாயில் உப்பு, மாங்காயின் நீரை வெளிக்கொணர்வதும் இதே சவ்வூடுபரவல் விசையால்தான். வலுவான செல் இவ்விசையைத் தாங்குகிறது. சவ்வு பழுதடைந்த பழைய செல் தாங்குவதில்லை. உப்பின் விளைவும் இவ்வகையானதே. மாவின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்ற வழக்கமான அளவு நொதித்தலை மட்டுப்படுத்துமேயன்றி நிறுத்துவதில்லை என்றாலும், ஈஸ்ட்டைக் கரைக்கும் நீரிலேயே உப்பையும் கரைப்பது பழைய ஈஸ்ட்டுக்குக் கேடு.

இனிப்பு ரொட்டிக்குப் பழைய ஈஸ்ட்டைத் தவிர்ப்பது நலம். தவிர்க்க இயலாவிடில், சர்க்கரையும் வெண்ணெயும் சேராத முன்மாவில் ஈஸ்ட்டைப் பெருகவிட்டு, பிறகு அவற்றைச் சேர்ப்பதே வழி.

கேள்வி: பிசைந்து இரண்டு மணி நேரமாகியும் மாவு அசையவில்லை. அதைக் காப்பாற்ற வழி உண்டா? புதிய ஈஸ்ட் கைவசம் இல்லையெனில் இட்லி மாவு உதவுமா?

பதில்: முதலில் வெப்பநிலையைக் கருத வேண்டும். 20 முதல் 30 டிகிரி வரையிலான எல்லையில், ஏறத்தாழப் பத்து டிகிரி கூடினால் நொதித்தலின் வேகம் இருமடங்காகிறது; ஆகவே தஞ்சாவூரின் சித்திரை வெயிலில் ஒரு மணியில் பொங்கும் மாவு, உதகமண்டலத்திலோ நுவரெலியாவிலோ மூன்று மணி நேரம் கேட்பது குற்றமன்று. தளர்ந்த ஈஸ்ட்டின் குறையைச் சமவெளியின் வெப்பம் மறைத்துவிடுவதும், மார்கழியில் அது திடீரென வெளிப்படுவதும் இதனால்தான். மாவுப் பாத்திரத்தை, விளக்கு மட்டும் எரியவிட்ட ஓவனுக்குள்ளோ, சுடுநீர்க் கிண்ணம் வைத்த மூடிய பெட்டிக்குள்ளோ மேலும் ஒரு மணி நேரம் வைத்துப் பார்ப்பது முதற்படி. குமிழ் ஏதும் தோன்றாவிட்டால், குறிப்பிலுள்ள அளவுக்குப் புதிய ஈஸ்ட்டை இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, மாவைப் பரப்பி அதன்மேல் தடவி, சிறிது உலர்மாவு தூவி மீண்டும் பிசைந்தால், மாவு பெரும்பாலும் மீண்டுவிடும்.

இட்லி மாவைப் பொறுத்தவரை, அதனைப் பொங்கவைப்பதில் முதன்மையான பங்கு ஈஸ்ட்டுக்கு உரியதன்று. லூகோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் முதலான, புளிப்பையும் வாயுவையும் ஒருசேரத் தரும் பாக்டீரியாக்களுக்கு உரியது. கோதுமை மாவில் அதைச் சேர்த்தால் ஓரளவு வாயு உண்டாகும்; ஆனால் புளிப்பு விரைவாக மிகுந்து ரொட்டி அடர்த்தியாகவே அமையும். ஈஸ்ட்டுக்கு உண்மையான மாற்றாக இந்நிலத்தில் வழங்கியது கள். கள்ளாக மாறும் பாளைச் சாற்றில் இயற்கையாகக் குடியேறும் ஈஸ்ட்களுள் சாக்கரோமைசிஸ் செரிவிசியேயும் ஒன்று. ஆப்ப மாவைக் கள்ளூற்றிப் பொங்கவைக்கும் பழக்கமும், கோவாவில் பாவ் ரொட்டியைக் கள் கொண்டு எழுப்பிய மரபும் இதன்வழிப் பிறந்தவை. அந்தப் பாவும் ஈழத்தமிழரின் பாணும் ஒரே போர்ச்சுகீசியச் சொல்லின் இரு வடிவங்களாகும்.

ஈஸ்ட்டும் இல்லை, மாற்றும் இல்லை என்ற நிலையில், எழும்பாத மாவை மெல்லியதாகத் தேய்த்துத் தோசைக்கல்லில் சுட்டெடுப்பதே அதைப் பயன்கொள்ளும் எளிய வழி. தட்டை ரொட்டிக்கு வாயு வேண்டுவதில்லை.

கேள்வி: மீதமான ஈஸ்ட்டை எங்கே, எவ்வாறு வைத்தால் நெடுநாள் தாங்கும்? ஃபிரீசரில் வைத்தால் உறைந்து இறந்துவிடாதா?

பதில்: உறைதல் செல்லைக் கொல்வது, செல்லுக்குள் இருக்கும் நீர் கூரிய பனிப்படிகங்களாகிச் சவ்வைக் கிழிப்பதால்தான். ஈர ஈஸ்ட்டில் நீர் மிகுந்திருப்பதால் வீட்டு ஃபிரீசரில் அதன் வலு பெரிதும் குறைகிறது. உலர் ஈஸ்ட்டிலோ படிகமாவதற்குப் போதிய நீரே இல்லை என்பதால் உறைகுளிர் அதற்குத் தீங்கு செய்வதில்லை. மாறாக, முதுமையைத் தாமதப்படுத்துகிறது. திறந்த பொதியைக் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மாதம், ஃபிரீசரில் ஆறு மாதம் வைக்கலாம் என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தரும் கால அளவு; நன்கு மூடிய கலத்தில் அதற்கு மேலும் தாங்குவதுண்டு என்பதால், அக்கெடு கடந்தபின் எறிவதைவிடச் சோதித்துப் பார்ப்பதே பொருத்தம்.

கடலோர ஊர்களில் குளிரைவிட ஈரமே பெரும்பகை. ஃபிரீசரிலிருந்து எடுத்த கலத்தை உடனே திறந்தால், காற்றின் ஈரம் குளிர்ந்த துகள்களின்மேல் பனித்துப் படிகிறது. அவ்வீரம் உறங்கும் செல்களை அரைகுறையாக எழுப்பி, உணவின்றி மடியச் செய்கிறது. ஆகவே அரைக் கிலோ பொதியை வாங்குவோர், ஒருமுறை சுடுவதற்கு வேண்டிய அளவுகளாகப் பிரித்து, காற்றுப்புகாத சிறு டப்பாக்களில் அடைத்து, ஒவ்வொன்றாக எடுத்து அறை வெப்பத்திற்கு வந்தபின் திறப்பதும், ஈரக் கரண்டியை உள்ளே விடாதிருப்பதும், டப்பாவின்மேல் திறந்த தேதியை எழுதிவைப்பதும் பயன்தரும். அடுப்பை ஒட்டிய மேல்தட்டு, வெப்பமும் நீராவியும் ஒருங்கே சேரும் இடமாதலால், ஈஸ்ட்டை வைக்க மிகவும் தகாதது.

கேள்வி: முற்றிலும் செத்துவிட்ட ஈஸ்ட்டுக்கு ஏதேனும் பயன் உண்டா?

பதில்: உண்டு. மாவைத் தளர்த்தும் அதே குளூட்டத்தயோன், தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும் பீட்சா மாவிலும் தட்டை ரொட்டி மாவிலும் குறையாக அன்றி உதவியாக அமைகிறது. வெப்பத்தால் வேண்டுமென்றே செயலிழக்கச் செய்த ஈஸ்ட், மாவு இளக்கி என்ற பெயரில் பேக்கரித் தொழிலுக்கென விற்கப்படுவதும் இக்காரணத்தாலேயே. 250 கிராம் மாவுக்குக் கால் தேக்கரண்டி என்ற சிறு அளவில் செத்த ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துச் சேர்த்து, அரை மணி நேரம் மாவை ஆறவிட்டால், அது எளிதில் விரிந்துகொடுக்கும்.

செத்த செல்களில் புரதமும், பி வகை உயிர்ச்சத்துகளும், கனிமங்களும் எஞ்சியிருப்பதால், வீட்டில் மது வடிப்போர் அவற்றைக் கொதிக்கவைத்துப் புதிய ஈஸ்ட்டுக்கு ஊட்டமாக இடும் வழக்கம் மேலைநாடுகளில் உள்ளது. ரொட்டி மாவிலும் இதுவே, எவரும் திட்டமிடாமல், நிகழ்கிறது: பழைய பொட்டலத்தில் உயிர் பிழைத்த சில செல்கள், தம்முடன் மடிந்தவற்றின் சத்தை உண்டே அடுத்த தலைமுறையை அரும்புகின்றன. அதற்கு அவை கேட்பது கூடுதல் நேரமொன்றே.